காசு இலை

எங்கள் தெருவில் எல்லோரும் திருடர்கள். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை, கேட்க அவர்களுக்கும் கோபமில்லை. மணி பிளான்ட் கொடியைக் கேட்டு வாங்கினால் வாடிப்போகும், யாருக்கும் தெரியாமல் கிள்ளிக்கொண்டு வந்து வைத்தால்தான் தழைக்கும், வீட்டில் காசும் தங்கும் என்று ஒரு நம்பிக்கை. இந்து வீடு, முஸ்லிம் வீடு, கிறிஸ்தவ வீடு என்று இதில் பேதம் கிடையாது. என் வீட்டுச் சுவரில் தொங்கிய கொடி கொஞ்ச நாளில் எதிர்வீட்டு ஜன்னலிலும் தொங்கும். நான் பார்த்தும் பார்க்காதது போல் போவேன். அவர்களும் என்னைக் கண்டால் பேச்சை மாற்றுவார்கள்.

என் பெயர் ஞானமுத்து. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் தரம் பிரிக்கும் மேஜையில் நின்றே வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கழித்து ஓய்வு பெற்றவன். மேஜைக்கு வரும் தோலை நல்ல தோல் என்று முதலில் நினைக்கவே கூடாது. உண்ணி கடித்த தடம் எங்கே, கத்தி பட்ட கீறல் எங்கே, சாயம் பிடிக்காத இடம் எங்கே என்றுதான் தேட வேண்டும். மனிதர்களையும் அப்படியே பார்த்துப் பழகிவிட்டேன். "உங்க முன்னாடி தேவதூதன் வந்து நின்னாலும் றெக்கையில ஓட்டை இருக்கான்னுதான் பாப்பீங்க" என்பாள் என் மனைவி தேவகிருபை.

ஓய்வுக்குப் பிறகு செடி வளர்க்க ஆரம்பித்தேன். மழைக்காலம் தொடங்கும் முன், அல்லி வைப்பதற்காக ஒரு சிமெண்ட் தொட்டி வாங்க நாட்றம்பள்ளிப் பக்கம் ஹைவே ஓரத்தில் இருந்த நர்சரி ஒன்றுக்குப் போனேன். தொட்டி வாங்கியதற்கு இனாமாக, கடைக்காரன் ஒரு பிடி பச்சையைக் கவரில் போட்டுக் கொடுத்தான். தண்ணீரில் மிதக்கும் சின்னச் சின்ன வட்ட இலைகள். மேலே மெல்லிய ரோமம். தண்ணீர் தெளித்தால் இலை நனையாமல் துளிகள் உருண்டு ஓடின.

"இது பேரு இன்னாப்பா?"

"பேரெல்லாம் தெரியாது சார். ஃபாரின் ஐட்டம். தொட்டி சீக்கிரமா நெறஞ்சிடும், பாக்க சூப்பரா இருக்கும்."

எங்கிருந்து வந்தது என்று தெரியாத தோலை நான் ஒருநாளும் மேஜையில் ஏற்றியதில்லை. ஆனால் பேர் தெரியாத செடியைச் சந்தோஷமாகச் சுமந்துகொண்டு வந்தேன். இனாம் என்றால் என் கண்ணும் அவிந்துதான் போகும் போலிருக்கிறது.

தொட்டியைக் கேட் பக்கத்தில் வைத்தேன். கடைக்காரன் சொன்னது பொய்யில்லை. அல்லி ஒரு இலை விடுவதற்குள் இது தொட்டியையே மூடிவிட்டது. போகிறவர் வருகிறவர் எல்லோரும் நின்று பெயர் கேட்டார்கள். தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. வட்டமாகக் காசு போல இருக்கிறதே என்று, "காசு இலை" என்று விளையாட்டுக்குச் சொல்லி வைத்தேன்.

அந்தப் பெயரைக் கேட்ட பிறகு எங்கள் தெரு சும்மா இருக்குமா? மறுவாரமே தொட்டியின் ஓரத்தில் யாரோ விரல் விட்டுக் கிள்ளிய இடம் தெரிந்தது. பிறகு இன்னொரு ஓரத்தில். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். திருடப்படுகிற செடி என்றால் நல்ல செடி என்று அர்த்தம்.

அப்போதுதான் ஜோஸ் ஏரியில் மீன் விட்டான். ஜோஸ் என் மனைவியின் தம்பி. அவளுக்கு அவன் தம்பி மட்டுமல்ல, அம்மா போன பிறகு இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருந்தவன், ஆர்டர் குறைந்து ஆட்களைக் கழித்தபோது வெளியே வந்தான். கேரளாவுக்குப் போய் மீன் வளர்க்கப் பயிற்சி எடுத்துக்கொண்டு, எங்கள் ஊர் ஏரியைக் குத்தகைக்கு எடுத்தான். பல வருஷம் வேலிக்காத்தான் மண்டிக் கிடந்த ஏரி அது. இப்போது இரண்டு மழைக்காலமாகத் தண்ணீர் நிற்கிறது. எங்கள் தெருக் கால்வாயும் கடைசியில் அங்கேதான் போய்ச் சேர்கிறது.

மீன் குஞ்சு விட்ட அன்று ஆயர் கரையில் நின்று ஜெபம் செய்தார். கட்லா, ரோகு குஞ்சுகளை ஜோஸ் பையிலிருந்து மெதுவாகத் தண்ணீரில் இறக்கினான். இந்த ஏரி கைவிட்டால் அவனுக்கு வேறு போக்கிடம் கிடையாது என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். ஜெபம் முடிந்ததும் தேவகிருபை டிபன் கூடையைத் தூக்கிக்கொண்டு தனியாக மதகுப் பக்கம் போனாள். கை கழுவப் போகிறாள் என்று நினைத்தேன்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து ஜோஸ் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். கேட்டைத் திறந்தவன் தொட்டியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

"மாமா, இது எங்க கெடைச்சிச்சு?"

"நர்சரில. காசு இலை. நல்லா இருக்குல்ல?"

"இன்னா மாமா நீங்க! கேரளாவுல இத ஆப்பிரிக்கன் பாயல்னு சொல்றாங்க. நான் ட்ரெய்னிங் போன ஊர்ல ஒரு குளம் முழுக்க இதான். மேல நடந்து போலாம் போல கெடந்துச்சு. கீழ வெயிலும் போகாது, காத்தும் போகாது. மீனெல்லாம் மூச்சு முட்டி செத்துப்பூடும். வலை வீசினா இதுதான் வரும்."

"அது குளத்துல. இது தொட்டிதானே?"

"தொட்டியில இருந்துதான் மாமா அங்கயும் போச்சு. யாரோ அழகுக்கு வளத்து, போரடிச்சு கால்வாய்ல கொட்டிட்டாங்க. ஒரு துண்டு போதும். வேரு வாணாம், வெதை வாணாம். உடைஞ்சா உடைஞ்ச துண்டெல்லாம் தனித்தனி செடி."

சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. தேவகிருபை வெளியே வந்து, "ஒண்ணுமில்ல, கை நழுவிடுச்சு" என்றாள். அன்று மட்டன் குழம்பில் உப்பில்லை. அவள் எங்களுக்குப் பரிமாறினாளே தவிர, தான் தட்டில் கையே வைக்கவில்லை. வெயிலில் கோயிலுக்கு நடந்துபோன அலுப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் தொட்டியிலிருந்ததை எல்லாம் பழைய வேட்டியில் வடிகட்டி, மாடித் தரையில் பரப்பினோம். சாக்கடையிலும் போடக் கூடாது, குப்பைவண்டியிலும் போடக் கூடாது, சருகாகக் காய்ந்த பிறகு கொளுத்த வேண்டும் என்று ஜோஸ் திரும்பத் திரும்பச் சொன்னான். தொட்டித் தண்ணீரை மண்ணில் ஊற்றினான். எல்லாம் முடிந்தது என்று அவன் பெருமூச்சு விட்டபோதுதான், ஓரத்தில் கிள்ளிய தடங்கள் என் நினைவுக்கு வந்தன. ஜோஸிடம் சொல்ல வாய் வரவில்லை. நானே கண்டுபிடித்து முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

ஆனால் எப்படிக் கேட்பது? "என் வீட்டில் திருடினீர்களா?" என்று அக்கம்பக்கத்துப் பெண்களிடம் போய்க் கேட்க முடியுமா? அதனால் சுற்றி வளைத்தேன். மூலைவீட்டு ஹேமலதா பேங்க்கில் வேலை செய்பவர். அவர் வண்டியை எடுக்கும்போது நடுவில் போய் நின்றேன்.

"கொசு ஜாஸ்தியா இருக்குதேம்மா. வீட்ல எங்கயாவது தொட்டியில தண்ணி தேங்கி நிக்குதா?"

"இல்லயே சார். எங்க வீட்ல தொட்டியே இல்ல. இன்னாத்துக்குக் கேக்கறீங்க?"

தோலின் மேல் விரலை ஓட்டினால் பழுதான இடம் தட்டுப்படும். அந்தம்மா குரலில் எனக்குத் தட்டுப்பட்டது. எதிர்வீட்டு ஃபரீதா டீச்சரிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். அவள் புருஷன் இஷ்தியாக் அகமது மேல்விஷாரத்தில் தோல் வியாபாரம் செய்கிறவர், வாரக் கடைசியில்தான் வருவார். ஃபரீதா, "தண்ணியா? எங்களுக்கு முனிசிபாலிட்டி பைப்ல வர்றதே கம்மி, இதுல எங்கண்ணா தேங்கறது" என்று சிரித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவ்வளவு சீக்கிரம் கதவைச் சாத்துகிறவள் இல்லை அவள்.

அன்றிலிருந்து நான் மாடியில் நின்றபடி தெருவைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். ஹேமலதா வீட்டுக்குப் பின்னால் ஒரு நீல நிற பிளாஸ்டிக் டப்பை ஏன் தார்ப்பாயால் மூடியிருக்கிறார்கள்? ஃபரீதாவின் சமையலறை ஜன்னலில் புதிதாக ஏன் திரை தொங்குகிறது? தெருவும் என்னைப் பார்த்தது. நான் கீழே இறங்கினால் பேச்சு நின்றது. பால் வாங்கப் போனால் முன்னால் நின்றவர்கள் நகர்ந்து வழி விட்டார்கள், மரியாதைக்காக அல்ல.

வீட்டிலும் ஒன்று சரியில்லை. தேவகிருபை தினமும் விடியற்காலையில் ஜெபக்கூட்டம் என்று கிளம்பிவிடுவாள். கையில் ஒரு கட்டைப்பை. வரும்போது புடவையின் அடி முழுக்க ஈரமாக இருக்கும்.

"இன்னா இது, மழைகூட இல்லயே?"

"கோயில்ல கால் கழுவினேன்."

எங்கள் சபையில் எப்போதிலிருந்து முழங்கால் வரை கழுவ ஆரம்பித்தார்கள்? கேட்டிருக்க வேண்டும். ஆனால் அந்த நேரம் மூலைவீட்டுத் தார்ப்பாய் அசைந்தது, நான் மாடிக்கு ஓடிவிட்டேன்.

அந்த வாரமே நகராட்சி ஆட்டோ மைக் கட்டிக்கொண்டு வந்தது. டெங்கு ஆய்வு, வீட்டில் நல்ல தண்ணீர் தேங்கி இருந்தால் அபராதம் என்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனது. அபராதத்துக்குப் பயந்து ஒளித்து வைத்திருப்பவர்கள் எங்கே கொட்டுவார்கள்? கால்வாயில்தான். கால்வாய் எங்கே போகிறது?

நினைத்தபடியே சாயங்காலம் ஹேமலதா அந்த நீல டப்பை வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்தார். மேலே தளதளவென்று பச்சை. நான் செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

"கவுக்காதீங்கம்மா! கவுக்காதீங்க!"

"கவுக்கலன்னா ஃபைன் போடுவாங்க சார். நீங்கதானே துப்பு குடுத்தீங்க?"

"நானா?"

"கொசு ஜாஸ்தியா, தண்ணி தேங்குதான்னு வீடுவீடா கேட்டது யாரு? மாடியில நின்னு எட்டி எட்டி பாத்தது யாரு? தெருவே சொல்லுது, ஞானமுத்து சாரு நகராட்சிக்கு ஆள் காட்டறாருன்னு."

அவர் டப்பைச் சாய்த்தார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. கால்வாய் விளிம்பில், அந்த டப்புக்கு நேராக, சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கொட்டினால் என் தலையில்தான் கொட்ட வேண்டும். தெருவே வேடிக்கை பார்த்தது. உட்கார்ந்தபடியே ஜோஸ் சொன்னதை எல்லாம் சொன்னேன். ஏரி, மீன், கேரளாவில் மூடிப்போன குளம், எல்லாம்.

ஹேமலதா டப்பை நிமிர்த்தி வைத்தார். "இத மொதல்லயே சொல்லி இருந்தா நானே கொண்டாந்து குடுத்திருப்பேனே சார். திருடினதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு, அவ்ளோதான். காசு இலைன்னு நீங்கதானே பேரு வெச்சீங்க?"

இரண்டு பேருமாக அதை வடிகட்டி அவர் வீட்டு மாடியில் காய வைத்தோம்.

இனிமேல் சுற்றி வளைப்பதில்லை என்று முடிவு செய்து நேராக ஃபரீதா வீட்டுக் கதவைத் தட்டினேன். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் உள்ளே போய், ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். அதிலும் பச்சை, விளிம்பு வரை.

"மன்னிச்சுக்கோங்கண்ணா. எனக்கு இதுலல்லாம் நம்பிக்கை இல்ல. ஆனா அக்காவே எடுக்கறப்போ, நாமளும் ஒரு கிள்ளு எடுத்தா இன்னான்னு ஆசை வந்துடுச்சு."

"எந்த அக்கா?"

"நம்ம தேவகிருபை அக்காதான். விடியல்ல ஃபஜர் தொழுதுட்டு ஜன்னலத் தெறந்தேன், அக்கா உங்க தொட்டியில இருந்து அள்ளி டிபன் கூடையில வெச்சிக்கிட்டிருந்தாங்க. சொந்த வீட்லயே சுத்திமுத்தும் பாத்து எடுக்கறாங்களேன்னு சிரிப்பா வந்துச்சு. அன்னிக்குத்தானே ஜோஸ் தம்பி ஏரியில மீன் விட்டாரு?"

டிபன் கூடை. மதகு. உருண்டு விழுந்த பாத்திரம். ஈரப் புடவை. எல்லாத் தடங்களும் என் வீட்டுக்குள்ளேயே இருந்தன, நான் தெருவெல்லாம் தேடிக்கொண்டிருந்தேன்.

தேவகிருபையிடம் அன்று எதுவும் கேட்கவில்லை. மறுநாள் விடியற்காலை அவள் கட்டைப்பையோடு கிளம்பியதும் பின்னாலேயே நடந்தேன். கோயில் முனையில் அவள் திரும்பவில்லை. ஏரிக்கரை ஏறி, மதகுப் பக்கம் கோரைக்குள் இறங்கினாள். நான் கரையில் நின்று பார்த்தேன். முழங்கால் தண்ணீரில் நின்று, எங்கள் வீட்டு மாவு சல்லடையால் அள்ளி அள்ளிப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றி ஒரு வேட்டியை விரித்த அகலத்துக்குப் பச்சை. அவள் சல்லடையை முக்கும்போதெல்லாம் அது உடைந்து, துண்டுகள் கோரையைத் தாண்டி ஏரியின் நடுப்பக்கம் மிதந்து போயின.

"கிருபை" என்று கூப்பிட்டேன்.

அவள் திரும்பினாள். அழவில்லை. முகம் வெளுத்துப் போயிருந்தது.

"கொஞ்சந்தாங்க பாக்கி. நான் எடுத்துடுவேன். தெனமும் எடுக்கறேன், தெனமும் ஜாஸ்தியாவே இருக்கு."

"நீ எடுக்க எடுக்க உடையுது. உடைஞ்சதெல்லாம் தனிச் செடின்னு அவன் சொன்னானே."

அவள் கையிலிருந்த சல்லடையைப் பார்த்தாள். "காசு இலைன்னு சொன்னீங்க. திருடி வெச்சா பலிக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. நான் இதெல்லாம் நம்பறவ இல்லன்னு உங்களுக்கே தெரியும். ஆனா கம்பெனியில இருந்து அனுப்பினப்போ அவன் மூஞ்சி எப்படி இருந்துச்சு, பாத்தீங்களா? அதான். ஆயரு ஜெபம் பண்ணாரு, அதோட இதையும் ஒரு பிடி போட்டேன்." பிறகு மெதுவாக, "அவன்கிட்ட சொல்லாதீங்க. நான்தான் போட்டேன்னு தெரிஞ்சா நான் எப்படி அவன் மூஞ்சில முழிப்பேன்?" என்றாள்.

அவளுக்காக மறைத்துவிடலாமா என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் எங்கள் தெருவில் எல்லோரும் மறைத்ததால்தான் இது இவ்வளவு தூரம் வந்தது. போனை எடுத்து ஜோஸைக் கூப்பிட்டேன். பிறகு ஹேமலதாவையும் ஃபரீதாவையும் கூப்பிட்டேன். நகராட்சிக்கு ஆள் காட்டுகிறவன் என்று பேர் வாங்கியவன், சொந்த மனைவியைக் காட்டிக்கொடுத்தேன்.

ஜோஸ் பைக்கைக் கரையில் போட்டுவிட்டு ஓடிவந்தான். பச்சையைப் பார்த்தான், சல்லடையைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். அவனுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அக்கா" என்றான். "அசையாம நில்லு. மிதிச்சா இன்னும் உடையும்."

அவ்வளவுதான் சொன்னான். கரைமேல் இருந்த தன் ஷெட்டிலிருந்து மீன் குஞ்சுக்குக் கட்டும் கொசுவலையைக் கொண்டுவந்து, பச்சையைச் சுற்றி வளைத்துக் கழி நட்டான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, அந்தக் கரை ஓரமாக ஹேமலதாவையும் ஃபரீதாவையும் நடக்கச் சொன்னான். தப்பிய துண்டுகளை அவர்கள் குனிந்து குனிந்து பொறுக்கினார்கள். ஃபரீதா பள்ளிக்கு லீவு சொல்லியிருந்தாள். வலைக்குள் இருந்ததை ஜோஸ் பாய் சுருட்டுவது போல ஓரத்திலிருந்து மெதுவாகச் சுருட்டிக் கரையேற்றினான். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

"முடிஞ்சுதா?" என்று கேட்டேன்.

"தெரியாது மாமா. ஒண்ணு தப்பி இருந்தாக்கூட மறுபடியும் வரும். தெனமும் வந்து பாக்கணும். அடுத்த மழை வரைக்கும் பாக்கணும்." பிறகு அக்காவின் பக்கம் திரும்பாமலே, "அக்கா, நீயும் தெனமும் வா. ஆனா சல்லடை வாணாம்" என்றான்.

அப்போதுதான் தேவகிருபை அழுதாள்.

கரையேறி வீட்டுக்குப் புறப்பட்டபோது அவள் புடவையின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் இந்தப் புடவையை எங்கே அலசினாள்? பின்கட்டில். அந்தத் தண்ணீர் எங்கே போனது? நான் சட்டென்று அவள் முன்னால் மண்டியிட்டேன். கொசுவத்தைப் பிரித்து, மேஜையில் தோலைப் பார்ப்பது போல, மடிப்பு மடிப்பாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

"இன்னாங்க இது, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். நில்லு."

கடைசி மடிப்பில், நனையாமல், ஒரே ஒரு இலை ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்து என் சட்டைப்பையில் போட்டு, பொத்தானை மாட்டிக்கொண்டேன்.